சம்பளத்தோடு விசுவாசமும் சேர்த்தி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் குன்னூர் விடுதி உரிமையாளர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். கை நிறையச் சம்பளம், தங்க வீடு, சாப்பாடு எல்லாம் கொடுத்தும் அவருடைய மேலாளர் சீசன் நேரத்தில் வேறு விடுதிக்குப் போய்விட்டாராம். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதெல்லாம் மலையேறிவிட்டது’ என்று வருத்தப்பட்டிருந்தார். நாம் இருப்பதே மலைதான், அது போகட்டும்.

கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். யாருக்கு எதற்காக எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார்த்துப் பழகியவன்.

எங்கள் தொழிலில் டீ மேக்கர் என்று ஒருவர் உண்டு. விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலையில் மேனேஜருக்கு அடுத்தபடி மரியாதையும் சம்பளமும் அவருக்குத்தான். கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலரில் அரைபட்டு வரும் இலை, பச்சை வாடை போய்ச் செம்பு நிறத்துக்குத் திரும்பும் நேரம் பார்த்து டிரையருக்குப் போக வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் குன்னூர் ஏலத்தில் விலை அடி வாங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பார்த்து ‘விடு’ என்கிறாரே, அந்த மூக்குக்குத்தான் சம்பளம். குறைத்துக் கொடுத்தால் பக்கத்துத் தொழிற்சாலை கூப்பிட்டுக்கொள்ளும் என்பது முதலாளிக்கும் தெரியும். தாராள மனசு ஒன்றும் இல்லை, சந்தை விலை. மாதக் கடைசியில் அந்தக் கணக்கு நேராகிவிடுகிறது. ‘நான் போகச் சொல்லும்வரை இரு’ என்று கேட்பதற்கு அதில் தனியாக ஒரு பைசாவும் வைக்கவில்லை.

அதற்காக எதையும் எதிர்பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லை. அந்த மேலாளர் நோட்டீஸ் கொடுக்காமல் கிளம்பியது தப்பு. வாடிக்கையாளர்களின் போன் நம்பர்களை எடுத்துக்கொண்டு போனது அதைவிடத் தப்பு. அதில் நான் உரிமையாளர் பக்கம். கூடவே போன இரண்டு ஊழியர்களை அந்த மேலாளர்தான் கலைத்தாரா, அவர்களாகவே போனார்களா என்பது வேறு விஷயம்.

சட்டமும் ஏறக்குறைய இங்கேதான் நிற்கிறது. வேலையை விட்ட பிறகு வேறு எங்கும் இதே தொழில் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கினால், 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி அது செல்லாது. 2025 மே மாதம், விஜயா வங்கியிலிருந்து விலகிய ஓர் அதிகாரியின் வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை சரிதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலாளிகள் இந்தத் தீர்ப்பைச் சந்தோஷமாகக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த அதிகாரி பணத்தைக் கட்டிவிட்டு வேறு வங்கியில் போய்ச் சேர்ந்தவர். போனதே குற்றம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மறுபடி ஆள் எடுக்க ஆகும் செலவுக்கு ஈடு, அவ்வளவுதான்.

அப்புறம், விசுவாசம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் போதுமா? 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1972-ஆம் வருடப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர் விலகினால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க, ஐந்தாம் வருடம் நெருங்கும்போது கணக்கை முடித்து, கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைத்து, அதே ஆளை அதே நாற்காலியில் புதிதாகச் சேர்த்த கதைகள் இந்த மலையில் கொஞ்சமில்லை. 2020 ஊரடங்கில் ‘நிலைமை சரியானதும் கூப்பிடுகிறோம்’ என்று அனுப்பப்பட்ட விடுதி ஊழியர்களில் எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள் என்று ஊட்டியிலோ கொடைக்கானலிலோ விசாரித்துப் பார்க்கட்டும்.

ஊட்டி இந்து நகர்ப் பக்கம் எச்.பி.எஃப்., அதாவது போட்டோ பிலிம் தயாரித்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், இருந்தது. 1960-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். பிலிம் ஃபேக்டரியில் வேலை என்றால் பெண் வீட்டார் மறுபேச்சுப் பேசாத காலம் உண்டு. நிறுவனம் நலிந்து, டிஜிட்டல் வந்து பிலிமுக்கே தேவை இல்லாமல் போன பிறகும் நூற்றுக்கணக்கானவர்கள் விடாமல் இருந்தார்கள். கடைசியில் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். விசுவாசம் என்பேன் நான். ‘போக வேறு இடம் எங்கே இருந்தது?’ என்பார் என் மச்சினர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேலையை விட்டால் குவாட்டர்ஸும் போய்விடும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாற வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவரையும் முதலாளி விசுவாசி என்றுதான் வரவு வைத்துக்கொள்கிறார். உண்மை தெரிவது, ஆளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும்போதுதான்.

இனி சேருபவர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைக்கப் போவதாக அந்த உரிமையாளர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். திறமையான ஆள் வாசலோடு திரும்பிவிடுவார். வேறு வழியில்லாதவர்தான் கொடுப்பார். இரண்டு மாத நோட்டீஸ் என்று இரு தரப்புக்கும் பொதுவாக எழுதிக்கொள்ளட்டும். ஏப்ரல், மே முடியும்வரை இருப்பவருக்கு ஜூனில் தனித் தொகை என்று முன்கூட்டியே சொல்லிவிடட்டும். மேலாளருக்கு அடுத்த நிலையில் ஒருவரை இப்போதே பழக்கட்டும். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் டீ மேக்கர் போய்விடுவாரோ என்று பயந்த முதலாளிகள் செய்ததும் இதைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
கோத்தகிரி.