மண்டை ஓட்டை அளக்க சி.டி. ஸ்கேன்

ஆசிரியருக்கு,

2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டவர்கள் பலரைப் பல் பதிவுகளை வைத்தே அடையாளம் கண்டார்கள். நம் ஊரில் பெரும்பாலானோருக்கு அப்படிப் பதிவே கிடையாது. அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் கைகொடுப்பது மண்டை ஓட்டின் அளவுகள்தான். கன்ன எலும்புகளின் அகலம், காதுக்குப் பின்னால் உள்ள எலும்புப் புடைப்பின் நீளம், கீழ்த்தாடையின் அளவுகள் எல்லாம் ஆணா பெண்ணா என்று கணிக்க உதவும்.

முன்பு சதையை நீக்கி, எலும்பைச் சுத்தம் செய்து, காலிப்பர் என்ற இடுக்கி போன்ற அளவுக் கருவியை வைத்து அளந்தார்கள். முப்பரிமாண சி.டி.யில் உடலைச் சிதைக்காமல் திரையிலேயே அளக்கலாம். சந்தேகம் வந்தால் வேறொரு நிபுணர் அதே படத்தில் மறுபடி அளந்து பார்க்கலாம். நீதிமன்றத்தில் இது பெரிய பலம். சரி, குறையே இல்லையா? உலோகம் அடைத்த பல் இருந்தால் படத்தில் கோடுகள் விழும். சி.டி. உடலைத் துண்டு துண்டாகப் படம் எடுக்கும்; அந்தத் துண்டு (ஸ்லைஸ்) தடிமனாக இருந்தால் அளவு பிசகும்.

என் கவலை வேறு. எலும்பின் அளவிலிருந்து ஆணா பெண்ணா என்று கணிக்கும் பழைய சூத்திரங்கள் பல, அமெரிக்காவின் டெர்ரி, ஹாமன்-டாட் எலும்புத் தொகுப்புகளை வைத்து உருவானவை. அவற்றை அப்படியே நம் மக்களுக்குப் பொருத்தினால் கணிப்பு தவறலாம். நம் அரசு மருத்துவமனைகளில் தலைக்காயத்துக்குத் தினமும் சி.டி. எடுக்கிறார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, பெயரை நீக்கி, வயதையும் பாலினத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் படங்களில் அளவெடுத்தால் தமிழ்நாட்டுக்கென்றே ஓர் அளவுத் தொகுப்பு கிடைக்கும். இதற்காகப் புதிதாக யார் மீதும் கதிர்வீச்சு செலுத்த வேண்டியதில்லை. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளும் தடயவியல் துறையும் சேர்ந்து இதை உடனே தொடங்க வேண்டும்.

- ஒரு பல் மருத்துவர், மதுரை