தமிழில் புகார் எழுத ஒரு பெண் காவலர்

ஆசிரியருக்கு வணக்கம்.

காவல்துறையின் உயர் பதவிகளுக்கு வந்த பெண்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். எங்கள் இடுக்கி மலைநாட்டில் பிறந்த லத்திகா சரண், 1976ஆம் ஆண்டு ஐபிஎஸ் அணியில் எழுத்தாளர் திலகவதியுடன் தமிழகக் காவல் பணிக்கு வந்தவர். 2006இல் சென்னையின் முதல் பெண் ஆணையர், 2010இல் தமிழகத்தின் முதல் பெண் டிஜிபி. நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையமும் 1973இல் கோழிக்கோட்டில்தான் திறக்கப்பட்டது. இந்தப் பெருமை தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வாழும் பெண்ணுக்குப் பயன்பட வேண்டுமானால், அவர் தமிழில் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள உள்ளூர் நிலையத்தில் ஒரு பெண் காவலர் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், கணவரின் அடி தாங்காத ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் துணையாகக் காவல் நிலையம் சென்றேன். அவர் என் காதில் சொன்னதை நான் ஓர் ஆண் காவலரிடம் மலையாளத்தில் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பாதியிலேயே அந்தப் பெண் பேச்சை நிறுத்திக்கொண்டார். புகாரில் கையெழுத்திடாமலே திரும்பினோம். அந்த நடை இன்னும் என் மனத்தை அறுக்கிறது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் காவலர் ஒருவரையாவது கேரள அரசு நியமிக்க வேண்டும். அதுவரை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் காவலர்கள் லயங்களுக்கே வந்து புகார் பெறலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, மூணாறு