அந்தப் போர்வீரருக்குப் பெயர் வைக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தை நேற்று ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரெஞ்சு ஓவியர் ஃபிராகொனார் 1769 வாக்கில் வரைந்தது. இப்போது அமெரிக்காவில், வில்லியம்ஸ்டவுன் ஊரின் கிளார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'போர்வீரர்' என்று அழைக்கிறார்கள். "எந்தப் படையின் தளபதி அக்கா இவர்? பேரைக் கண்டுபிடித்துச் சொல்" என்று கேட்டிருந்தாய்.

அவர் படையில் இருந்தார் என்பதற்கே அந்த உடை சாட்சி ஆகாது, தம்பி. அந்தக் காலத்துப் பிரெஞ்சு அதிகாரி யாரும் மடிப்பு வைத்த வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு சண்டைக்குப் போகவில்லை. பாரிஸில் அதை 'ஸ்பானிய பாணி' என்பார்கள். அவர்களுக்கே அது பாட்டன் முப்பாட்டன் காலத்து உடுப்பு. வாளும் அந்த வேஷத்தோடு சேர்ந்ததுதான். ஃபிராகொனார் இப்படிப் பத்துப் பதினைந்து பேரை, ஏறக்குறைய 80க்கு 65 சென்டிமீட்டர் ஓவியத் துணியில், வேஷம் கட்டி உட்காரவைத்து வரைந்திருக்கிறார். அதில் லா பிரெத்தேஷ் என்பவரின் படத்துக்குப் பின்னால் ஒரு பழைய சீட்டு ஒட்டியிருக்கிறது: 1769இல், ஒரே மணி நேரத்தில் வரைந்ததாம்! எனக்கு அதை நம்பத்தான் தோன்றுகிறது. வாஷிங்டனில் இருக்கும் ஃபிராகொனாரின் 'படிக்கும் இளம்பெண்' படத்தில் கழுத்துப்பட்டையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும். வண்ணம் காயும் முன்பே தூரிகையின் கட்டைப் பக்கத்தால் கீறி மடிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறார். அவ்வளவு வேகம்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இதே வரிசைப் படம் ஒன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தத்துவ அறிஞர் திதரோ என்று பல வருஷம் அதைக் கொண்டாடினார்கள். பார்த்தவர்களுக்கெல்லாம் அந்த நெற்றியில் அறிவு தெரிந்தது, பார்வையில் சிந்தனை தெரிந்தது. 2012இல் பாரிஸ் ஏலம் ஒன்றில் ஃபிராகொனாரின் ஒரு தாள் வெளியே வந்தது. அதில் இந்த வரிசைப் படங்களின் 18 குட்டிக் கோட்டோவியங்கள், அநேகமாக எல்லாவற்றுக்கும் கீழே பெயர். 'திதரோ'வுக்குக் கீழே இருந்தது வேறு யாருடைய பெயரோ! திதரோவின் கண் பழுப்பு, படத்தில் இருப்பவரின் கண் நீலம். இத்தனை காலம் கண் நிறத்தைக்கூடப் பார்க்கவிடாமல் மறைத்தது அந்தப் பெயர்தானே? அந்த ஆண்டே லூவ்ர் பெயரை எடுத்துவிட்டது.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். யாரோ ஒரு தளபதியின் பெயரை ஊகித்துப் படத்துக்குக் கீழே போட்டுவிடாதே. ஒருமுறை ஒட்டிய பெயரை உரிப்பது லேசில்லை. 'ஒரு மனிதரின் உருவப்படம் (போர்வீரர்)' என்று அருங்காட்சியகம் வைத்திருப்பதையே போடு. அப்புறம் படத்தைப் பெரிதாக்கி அந்தப் புருவத்தைப் பார். நம்மைப் பார்க்காமல் பக்கவாட்டில் எதையோ முறைக்கிறாரே, அதைப் பற்றி எழுது. எழுதியதும் முதலில் எனக்கு அனுப்பு.

உன் அக்கா