சாலையோரக் குண்டுகரிச்சான்

அன்புள்ள முருகேசு,

கடிதமும் பதிவுகளும் கிடைத்தன. தோப்புக்குள் இருக்கும் குண்டுகரிச்சானைவிட நெடுஞ்சாலை ஓரத்தில் இருப்பது சுருதியை ஏற்றிப் பாடுகிறது என்கிறாய். இருக்கலாம். நெதர்லாந்தின் லைடன் நகரில் இரைச்சலான இடத்துப் பட்டாணிக்குருவிகளிடம் ஆய்வாளர்கள் இதையே கண்டு 2003-இல் எழுதினார்கள். ஆனால் நீ ஸ்பெக்ட்ரோகிராமை (எந்த நேரத்தில் எந்தச் சுருதி ஒலித்தது என்று காட்டும் படத்தை) கண்ணால் பார்த்து அடிக்கோட்டை, அதாவது பாட்டின் மிகத் தாழ்ந்த சுருதியை, குறித்திருக்கிறாயே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

வண்டி இரைச்சலின் பெரும்பங்கு 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. பாட்டின் கீழ்ப்பகுதி அதில் முங்கிவிட்டால், பறவை சும்மா இருந்தாலும் சுருதி ஏறியதுபோல் படம் காட்டும். சோதிப்பது சுலபம். ரெக்கார்டர், கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு), தூரம் எதையும் மாற்றாமல் சாலையோர இரைச்சலை மட்டும் தனியாகப் பதிந்துகொள். தோப்பில் பதிந்த தெளிவான பாட்டோடு அதைக் கணினியில் கலந்து, திரும்பவும் அள. அடிக்கோடு மேலே போனால் ஏறியது உன் அளவுதான், சுருதி இல்லை. அதே பாட்டைச் சாலையோரத்தில் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டுப் பதிந்தும் பார்க்கலாம். இனப்பெருக்கக் காலத்தில் அது வேண்டாம், அந்த எல்லையைக் காக்கும் ஆண் பறவை சண்டைக்கு வந்துவிடும்.

கண்ணை நம்பாமல் பவர் ஸ்பெக்ட்ரத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வரைபடத்தை) எடு. உச்ச ஒலியிலிருந்து 20 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கீழே இறங்கும் இடத்தில் மிகத் தாழ்ந்த அதிர்வெண் எது என்று எல்லாப் பதிவுக்கும் ஒரே விதியில் பார். இரைச்சலே அந்த 20-க்குள் வந்துவிட்ட பதிவைத் தள்ளிவிடு, தயங்காதே.

என்னைக் கேட்டால் சுருதியைவிட உரப்பை, அதாவது பாட்டு எவ்வளவு சத்தம் என்பதை, அளப்பதுதான் பலன் தரும். பெர்லின் நைட்டிங்கேல்கள் இரைச்சலான இடத்தில் உரக்கப் பாடின. அதே பறவைகள் வார இறுதியில், போக்குவரத்து குறைந்தபோது, குரலைத் தணித்தன. நீயும் ஒரே ஆணை ஞாயிறும் திங்களும் பதிந்து பார். இரண்டு இடத்துப் பறவைகளை ஒப்பிடுவதில் வரும் குழப்பம் இதில் இல்லை. ரெக்கார்டர் தானாகவே கெயினை மாற்றும் ஆட்டோ கெயினை அணைத்துவிடு, இல்லாவிட்டால் எல்லாப் பாட்டும் ஒரே உரப்பாகிவிடும். தூரத்தையும் அளந்து எழுது: தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் போய்விடும். பறவை முதுகு காட்டிப் பாடும்போதும் அளவு குறையும், அதனால் முகம் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்.

2020 ஊரடங்கில் கோல்டன் கேட் பாலத்துப் போக்குவரத்து 1954-க்குப் பின் காணாத அளவுக்கு இறங்கியது. அப்போது சான் பிரான்சிஸ்கோவின் வெண்முடிச் சிட்டுகள் குரலைத் தணித்தே பாடின, ஆனாலும் பாட்டு கேட்கும் தூரம் ஏறக்குறைய இரட்டித்தது. இன்னொன்றும் உண்டு: இரைச்சல் மறைந்ததும் கீழ்ச்சுருதிகளையும் சேர்த்து விரித்துப் பாடின. ஆகவே சுருதி மாற்றமே பொய் என்று நான் சொல்லவில்லை. உன் அளவு இன்னும் அதைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நேரத்தைக் கடிகாரப்படி எழுதாதே. சூரிய உதயத்துக்கு எத்தனை நிமிடம் முன் பின் என்று எழுது. சாலையோரத்தில் சோடியம் விளக்கு இருக்கிறதா என்றும் சொல். விளக்கு வெளிச்சத்தில் சில பறவைகள் விடியலுக்கு வெகு முன்பே பாடத் தொடங்கிவிடும். உன் முதல் பாட்டு நேரமே பிசகும்.

மூலக் கோப்புகளைச் சுருக்கி எம்பி3 ஆக்காமல், சுருக்காத வேவ் கோப்பாகவே அனுப்பு.

அன்புடன்,
சேகர்