ராத்திரி கதவைத் திறக்கிறவருக்குச் சம்பளம்

சென்னை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படியில் அவசரம் காட்டாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று. இப்போது பேப்பரில் பொடி எழுத்து விளம்பரம்கூட விடாமல் வாசிக்கிறாள்.

நியூயார்க் காப்பகங்களைப் பற்றி நீ எழுதியிருந்தது மனசை விட்டுப் போகவில்லை. வீடில்லாதவர்களுக்கு ராத்திரி தங்க இடம் கொடுப்பது நகரத்தின் கடமை என்று 1979-ல் ஒரு வழக்கு, அதன் முடிவாக 1981-ல் ஓர் ஒப்பந்தம். ஆனால் கலஹான் என்ற எந்த வீடில்லாத மனிதரின் பெயரில் அந்த வழக்கு நடந்ததோ, அவர் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே தெருவில் இறந்துபோனார். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. 2009 டிசம்பர் குளிரில் டெல்லி பூசா ரோட்டில் இருந்த தற்காலிகக் காப்பகத்தை இடித்துத் தள்ளினார்கள். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது உணவு உரிமை வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதிலேயே 2010 ஜனவரியில் டெல்லிக்கு உத்தரவு போட்டார்கள். பிறகு மற்ற மாநிலங்களுக்கும் அது விரிந்தது. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2011 கணக்குப்படி விரிவாக்கப்பட்ட சென்னையில் சுமார் 67 லட்சம் பேர். அறுபதுக்கு மேல் வேண்டும் என்று நீயே கணக்குப் போட்டுவிடுவாய்.

உத்தரவு வந்தது, சரி. பணம்? 2013-ல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தொடங்கியபோது காப்பகங்களையும் அதில் சேர்த்தார்கள். ஆளுக்கு 50 சதுர அடி இடம், 50 பேருக்குக் குறையாத கட்டடம் என்றெல்லாம் விதி நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். செலவில் முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநிலம் என்று ஆரம்பித்து, பிறகு 60-க்கு 40 ஆனது. ஆனால் நடத்துகிற செலவு மட்டும் ஐந்து வருஷத்துக்குத்தான் என்று வைத்தார்கள். அதற்கப்புறம் மாநிலமும் உள்ளாட்சியும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். என் கவலை முழுக்க அந்த ‘அதற்கப்புறம்’ மேல்தான்.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு பெண்கள் காப்பகத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? பழைய பள்ளிக்கூடக் கட்டடம். மொட்டை மாடியில் துணிக்கொடி, கீழே இரண்டு நீளமான அறைகள். கட்டடம் ஒருமுறை கட்டினால் நிற்கும். கட்டில், மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது, போட்டோ இருக்கிறது, கணக்கில் காட்டுவது சுலபம். ஆனால் மாதாமாதம் போகிற பணத்தில் பெரும்பங்கு ஆட்களுக்குத்தான். பகல் காப்பாளர், ராத்திரி காப்பாளர், சமைக்கிறவர், பெருக்கித் துடைக்கிறவர். ராத்திரி பதினொன்றரைக்கு யாராவது கூட்டிக்கொண்டு வந்து விட்டால், கதவைத் திறந்து, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, ஒன்றும் கேட்காமல் பாய் போட்டுக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பணம் தாமதமானால் முதலில் நிற்பது அந்த ஆளின் சம்பளம். அவர் வேறு வேலை தேடிப் போய்விட்டால் கட்டடம் இருக்கும், காப்பகம் இருக்காது.

போன மழைக்காலத்தில் சென்ட்ரல் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியைக் கூட்டி வந்தார்கள். வந்த நாளிலிருந்து செருப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுப்பாள். பிளாட்பாரத்தில் கழற்றி வைத்தால் காலையில் இருக்காதாம். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. ராத்திரி காப்பாளர் மட்டும் ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்து, “இதில் போட்டு வைம்மா, தலையணையில் மண் ஒட்டாது” என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது, ஊர் பேர் வந்தது. காப்பக முகவரியை வைத்து ஆதார் எடுத்தோம். இப்போது முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டிருக்கிறது. 2023-ல் அதை மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். இதற்கெல்லாம் பல மாதம் பிடித்தது. அத்தனை மாதமும் அதே ஆள் அங்கே இருந்ததால்தான் நடந்தது. வந்த நிதியை எப்படிச் செலவு செய்தோம் என்று அரசுக்குக் கொடுக்கிற பயன்பாட்டுச் சான்றிதழில் இதை எழுத ஒரு கட்டமும் கிடையாது.

வந்த பணத்தையாவது செலவு செய்தார்களா என்றால் அதுவும் சோகம்தான். 2016-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழு போட்டது. பல மாநிலங்களில் இந்த நிதி செலவாகாமலே கிடக்கிறது என்று அந்தக் குழுவே சொன்னது. நிதி ஒரு பக்கம் தூங்குகிறது, மனிதர்கள் நடைபாதையில் தூங்குகிறார்கள். எனக்கு இதில் கோபம் வராமல் இருப்பதில்லை.

அப்புறம் குடும்பங்கள். வால்டாக்ஸ் ரோடு, பாரிமுனைப் பக்கம் நாம் காலேஜ் காலத்தில் பார்த்த நடைபாதைக் குடும்பங்கள் ஞாபகம் இருக்கிறதா? அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கேதான். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இருக்கும் காப்பகத்துக்குப் புருஷன் பெண்டாட்டி பிள்ளைகளோடு எப்படிப் போவார்கள்? ஊர்க்கோடியில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று வீடு கொடுத்தால், மூட்டை தூக்குகிற வேலையும் பூ விற்கிற இடமும் இங்கே இருக்கின்றன. போக வர கூலியில் பாதி கரையும். வேலைக்குப் பக்கத்தில் குறைந்த வாடகை வீடுதான் இவர்களுக்கு வழி. அதைக் காப்பகக் கணக்கில் மூடி மறைக்கக் கூடாது. ஆனால் தனியாக வந்து நிற்கிற பாட்டிக்கும், மனநிலை சரியில்லாத பெண்ணுக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி போக இடமில்லாதவருக்கும் காப்பகம்தான் உடனே கிடைக்கிற கூரை.

அதனால் நான் பிடிவாதமாகச் சொல்லி வருவது ஒன்றுதான். காப்பகம் நடத்துகிற செலவு மாநகராட்சியின் சொந்த பட்ஜெட்டில், சொந்த வருமானத்திலிருந்து, ஒவ்வொரு வருஷமும் வர வேண்டும். தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்கும் மத்திய திட்டம் முடிந்துவிட்டது என்று யாராவது பணத்தை நிறுத்துகிறார்களா? டெல்லியில் 2010 சட்டத்தின்படி தனி வாரியம் வைத்து டெல்லி அரசின் பணத்தில் நடத்துகிறார்கள். அங்கேயும் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் இது யார் பொறுப்பு என்று கேட்டால் விரல் நீட்ட ஓர் இடம் இருக்கிறது.

2022-ல் சொத்து வரி ஏறியபோது இங்கே சென்னையில் இருக்கும் உன் ஃப்ளாட்டுக்கும் கூடியதே, நீ ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் கட்டினாய். அந்த உரிமையில் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஃப்ளாட் இருக்கும் வார்டு கவுன்சிலருக்கு நீ ஒரு கடிதம் எழுது. இந்த வார்டில் காப்பகம் இருக்கிறதா, அதன் சம்பளச் செலவு எந்தக் கணக்கில் வருகிறது, மத்திய நிதி நின்றால் யார் கொடுப்பார்கள் என்று மட்டும் கேள். வரி கட்டுகிறவர் எழுத்தில் கேட்டால் தட்டிக்கழிப்பது அவ்வளவு சுலபமில்லை. எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் நானும் இதையே கேட்கப் போகிறேன். பட்ஜெட் தயாராவதற்குள் நாலைந்து வார்டிலிருந்து ஒரே கேள்வி போனால் நல்லது.

கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பு. ஜனவரியில் வரும்போது கனமான ஸ்வெட்டர் எதுவும் வாங்கி வராதே, இங்கே யாரும் போட முடியாது. மெல்லிய பருத்திப் போர்வைகளாக இருந்தால் இரண்டு பெட்டி நிறையக் கொண்டு வா, காப்பகத்தில் துவைத்துத் துவைத்து எல்லாம் நைந்துவிட்டது. உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி