ஆக்டியத்தில் அக்ரிப்பா எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கிளியோபாட்ரா கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கி.மு. 31இல் கிரேக்கக் கரையோரம் நடந்த ஆக்டியம் கடற்போரில், பின்னாளில் அகஸ்டஸ் பேரரசரான ஆக்டேவியன், கிளியோபாட்ராவின் கூட்டாளியான ரோமத் தளபதி ஆண்டனியைத் தோற்கடித்தார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆக்டேவியனின் கப்பற்படையை நடத்திய தளபதி அக்ரிப்பாவின் பெயர் எங்கேயும் இல்லை.

செப்டம்பர் 2ஆம் தேதி சண்டை நடந்தது கடைசி அத்தியாயம்தான். அதற்குப் பல மாதம் முன்பே அக்ரிப்பா தென் கிரேக்கத்தின் மெத்தோனித் துறைமுகத்தைப் பிடித்து, எகிப்திலிருந்து ஆண்டனிக்கு வந்துகொண்டிருந்த சரக்குக்கு வழி அடைத்துவிட்டார். அப்புறம் லெவ்காஸ், பாத்ரே, கொரிந்து என்று மற்ற கிரேக்க இடங்களையும் பிடித்தார். ஆக்டியத்தை ஒட்டிய வளைகுடாவுக்குள் மாட்டிக்கொண்ட ஆண்டனியின் ஆட்கள் பசியாலும் நோயாலும் செத்தார்கள், பலர் ஓடியே போனார்கள், துடுப்பு போட ஆளில்லாமல் அவர் தன் கப்பல்களிலேயே பலவற்றைக் கொளுத்த வேண்டியதாயிற்று. நான் காசிமேட்டுக்காரன். ஐஸும் டீசலும் வராவிட்டால் நூறு விசைப்படகு நின்றாலும் ஒன்றும் கடலுக்குப் போகாது என்பது எங்கள் பிள்ளைகளுக்கே தெரியும்.

அதற்கு ஐந்து வருடம் முன்பு, கி.மு. 36இல் சிசிலித் தீவின் நௌலோகஸ் கடற்போரில், ஆக்டேவியனின் இன்னொரு எதிரியான செக்ஸ்டஸ் பாம்பேயை அடித்ததும் இவர்தான். விடுதலை பெற்ற 20,000 அடிமைகளைத் துடுப்புக்காரர்களாக்கி, ஏரிகளைக் கடலோடு இணைத்துப் புதுத் துறைமுகம் வெட்டி, அதில் குளிர்காலம் முழுக்கப் பழக்கினார். ஒரு கருவியும் செய்தார்: 5 முழ மரக்கட்டை, சுற்றிலும் இரும்புப் பட்டை, ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் கயிறுகள். கவண் பொறியில் வைத்து எறிந்தால் எதிரிக் கப்பலில் மாட்டிக்கொள்ளும், இழுக்க வேண்டியதுதான் பாக்கி. இரும்பு இருப்பதால் கட்டையை வெட்ட முடியாது, கட்டை நீளமாக இருப்பதால் கயிறும் கைக்கு எட்டாது. தூண்டில் போட்டவர்களுக்கு இந்த யோசனை உடனே பிடிபடும். அந்தச் சண்டை தொடங்கும் நேரத்தில் ஆக்டேவியன் அசந்து தூங்கிவிட்டார், நண்பர்கள்தான் எழுப்பிச் சைகை கொடுக்க வைத்தார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார்!

இன்னொன்றையும் நீங்கள் எழுதியிருக்கலாம். ரோமின் மிக உயர்ந்த கான்சல் பதவியே பார்த்த அக்ரிப்பா, கி.மு. 33இல் அதைவிடச் சின்னப் பதவி ஒன்றை ஏற்று, ரோமின் பாதாளச் சாக்கடைகளைச் சுத்தம் செய்து, உள்ளேயே படகில் புகுந்து டைபர் நதிக்கு வெளியே வந்தார். பக்கிங்காம் கால்வாய் ஓரமாகத் தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிற எங்களுக்காவது அதை ஒரு வாரம் தனியாகப் போடுங்கள், படத்தோடு.

இப்படிக்கு,
துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்,
காசிமேடு, சென்னை