கூத்து பற்றி எழுத வருவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கலை இதழ்களுக்கு எழுத வரும் இளைஞர்கள் பலர், "தெருக்கூத்து பற்றி எழுதட்டுமா?" என்று ஒரே வரியில் கேட்டு அனுப்புகிறார்கள். அதை வைத்து எந்த ஆசிரியராலும் முடிவெடுக்க முடியாது. எந்த ஊர், எந்தக் குழு, கட்டுரை எழுப்பும் கேள்வி என்ன, யாரிடமெல்லாம் பேசப் போகிறீர்கள், படம் உண்டா என்பதை 150 சொற்களுக்குள் சொல்லுங்கள்.

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்துகள் பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரை நடக்கும். மாத இதழுக்கு என்றால் தை மாதமே யோசனை போய்ச் சேர வேண்டும். திருவிழாவின் இறுதிக் கட்டமான படுகளம் முடிந்தபின் அனுப்பிப் பயனில்லை.

கூத்து விடிய விடிய நடக்கும். பாதியில் எழுந்து வந்தவரின் கட்டுரையில், கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளியான கட்டியங்காரன் மட்டும்தான் இருப்பார். விடிந்ததும் கலைஞர்கள் களைத்துக் கிடப்பார்கள். பேட்டியை முந்தைய மாலை, அரிதாரம் பூசுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கூத்தில் ஊதும் சிறிய குழல் கருவியான முகவீணையை நாதஸ்வரம் என்று எழுதிவிடாதீர்கள். கலைஞர் பெயரை அவரிடமே எழுத்துக்கூட்டிக் கேளுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி அச்சில் மங்கும். மூலக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, இதழில் ஊழியராக இல்லாதவர் எழுதியதன் உரிமை, எழுத்துப்பூர்வமாக மாற்றித் தராதவரை அவருடையதே. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உரிமை பற்றிய வரியைப் படியுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வேண்டாம் என்றாலும் இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள். சன்மானத் தொகையை அப்போதே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பகுதிநேரக் கட்டுரையாளர்கள் சிலர்,
திருவண்ணாமலை